வயிற்றுக்குள் சில்லென்று இருப்பதைச் சீன வைத்தியம் எப்படிப் பார்க்கிறது?

எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை, ஆனாலும் மேல்வயிற்றுக்குள் சில்லென்றே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இதற்குள் "மனப்பிரமை" என்று தீர்ப்பு வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

சிங்கப்பூரில் நான் பார்த்த சீன வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். வெளிறிய நாக்கு, ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். பிறகு மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "இதமாக இருக்கிறதா, வலிக்கிறதா?" என்றார். விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வலி கூடினால், ஐஸ் தண்ணீராலோ குளிர்காற்றாலோ வெளியிலிருந்து புகுந்த குளிர். அதை விரட்ட வேண்டும். அழுத்தமும் சூடும் இதமாக இருந்தால், உள்ளே இருக்க வேண்டிய 'யாங்' என்ற வெம்மையே குறைந்துவிட்டது; அதை வளர்க்க வேண்டும். எனக்கு இதமாகத்தான் இருந்தது. இரைப்பை உலைப்பானை என்றால், மண்ணீரலின் யாங் அடியில் எரியும் தீ. அது தணிந்தால் வயிற்று உப்புசம், இளகிய மலம், சில்லிட்ட கைகால்.

மண்ணீரலுக்கும் செரிமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பாடம் எடுக்க வருகிறவர்கள் கவனிக்க: சீன வைத்தியர்கள் சொல்லும் மண்ணீரல் ஸ்கேனில் தெரிகிற உறுப்பு அல்ல, செரிமானச் செயல்களின் தொகுதி.

இன்னொரு வகையும் உண்டு. வயிற்றில் நீர் தேங்கினால் முதுகில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் குளிரும் என்று சீனாவின் ஹான் அரச காலத்து வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதியிருக்கிறார்.

சிங்கப்பூர் வைத்தியர் எனக்குத் தந்தது ஜாங் ஜோங்ஜிங்கின் 'லீ ஜோங்' மருந்து: சுக்கு, ஜின்செங் வேர், அதிமதுரம், பாய்ஜூ என்ற கிழங்கு. "சுக்குக்கா இவ்வளவு காசு?" என்றார் மாமா. அவரும் சுக்குக் காப்பி போட்டுத் தந்ததில்லை. சில்லிப்பு குறைந்தது. ஐஸ் போட்ட மைலோ பானத்தையும் அப்போதுதான் நிறுத்தினேன் என்பதால், எது கேட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் வைத்தியம் படித்தவன் அல்லன். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிமதுரம் ஆகாது. எடை குறைந்தாலோ மலம் கறுத்தாலோ நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்த வைத்தியர் எழுதிய விடுப்புச் சான்றை என் அலுவலகம் ஏற்கவில்லை; ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். சட்டப்படி அவர்கள் ஏற்க வேண்டியதில்லைதான். ஆனால் அதே அலுவலகம்தான் சீனப் புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்கு ஜின்செங் பெட்டி அனுப்புகிறது.