வேலைக் கடிதம் வந்துவிட்டது, ராஜினாமா செய்யலாமா?

கேள்வி: பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் கல்லீரல் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு போதனா மருத்துவமனை தன் கல்லீரல் மாற்றுப் பிரிவுக்கு என்னை அழைத்து, உடனே ராஜினாமா செய்யச் சொல்கிறது. விலகினால் இரண்டு ஆண்டுகள் மலேசியாவில் வேறெங்கும் பணிபுரியக் கூடாது, வெளிநாட்டுப் பயிற்சிக்காக 150,000 ரிங்கிட் கட்ட வேண்டும் என்கிறது இப்போதைய ஒப்பந்தம். கடித நகலை இணைத்துள்ளேன். என்ன செய்வது?

பதில்: டாக்டர், அந்த இரண்டாண்டுத் தடைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு, அந்தத் தடையைப் பொறுத்தவரை செல்லுபடியாகாது என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. 'நியாயமான தடைதானே' என்ற வாதம் இங்கிலாந்தில் எடுபடலாம், இங்கே எடுபடாது. கோத்தா பாருவில் ஒரு வழக்கறிஞருக்கு விதித்த இரண்டாண்டுத் தடை 1964இலேயே நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் நோயாளிகளின் தொலைபேசி எண்களையும் கோப்புகளையும் எடுத்துச் செல்லாதீர்கள். அவர்களாகத் தேடி வந்தால் யாரும் தடுக்க முடியாது.

பணம்தான் சிக்கல். ஒப்பந்தத்தில் தொகை குறித்திருந்தால், முதலாளி தன் நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அது மிகை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது என்று அதே சட்டத்தின் 75ஆம் பிரிவு குறித்துக் கூட்டரசு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஆகவே பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவு, திரும்பி வந்தபின் நீங்கள் உழைத்த ஆண்டுகள் இரண்டுக்கும் ஆதாரம் திரட்டுங்கள். பேசிக் குறைக்க வழியுண்டு. மீதியைப் புதிய இடம் ஏற்குமா என்றும் கேளுங்கள்.

ராஜினாமா மட்டும் இப்போது வேண்டாம். நீங்கள் அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பத்தியில், 'நியமனக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. துறைத் தலைவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அந்த வரி இருக்கும்வரை வேலை உங்கள் கையில் இல்லை. குழு மறுத்தால் வழக்காட உங்களிடம் அநேகமாக எதுவும் இருக்காது.

இன்னொன்றும் கேளுங்கள். உயிருள்ள கொடையாளரிடமிருந்து ஈரலின் ஒரு பகுதியை எடுக்கும்போது, நோயே இல்லாத ஒருவரையும் மேசையில் கிடத்துகிறீர்கள். அவருக்கு ஏதாவது நேர்ந்து வழக்கு வந்தால், மருத்துவமனையின் காப்புறுதி உங்களையும் காக்குமா? மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் படுக்கை, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் எல்லாம் தருவதாக வாய்வார்த்தையில் சொன்னவை ஒப்பந்தத்தில் ஏறட்டும். குழு இல்லாமல் நிபுணரை மட்டும் அமர்த்துவது உங்களுக்கும் நோயாளிக்கும் அநீதி.

நிபந்தனையற்ற நியமனக் கடிதம் கைக்கு வந்து, பணியிட மாற்றத்தை மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு செய்யும் ஏற்பாடும் முடிந்தபின், ஒப்பந்தம் சொல்லும் முன்னறிவிப்புக் காலத்தோடு விலகல் கடிதம் கொடுங்கள்.