திருத்தித் தர ஆள் இருக்கும் இடம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

திருநெல்வேலியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் 30 நாள் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். சென்னையில் ஆறு டிவி சேனல்களுக்கு மெயில் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு ‘மீடியா நிறுவனம்’ 5,000 ரூபாய் கட்டினால் சான்றிதழோடு பிரஸ் ஐடி கார்டும் தருவதாகச் சொல்கிறது. போன வருடம் சேனலுக்குப் போன சீனியர் அக்கா ஒரு மாதமும் சும்மா உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். தனியாகச் சென்னைக்கு அனுப்ப வீட்டிலும் தயங்குகிறார்கள். பத்திரிகையா, டிவியா, பி.ஆர். (மக்கள் தொடர்பு) கம்பெனியா, எங்கே போவது? மெயிலில் என்ன எழுதுவது? உள்ளே போனபின் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

எம்.
திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

அந்த 5,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஒழுங்காகச் செய்தி வெளியிடும் எந்த நிறுவனமும் பயிற்சிக்கு வரும் மாணவரிடம் பணம் கேட்காது. சில இடங்களில் பயணப்படி தருவார்கள், பல இடங்களில் ஒன்றும் தரமாட்டார்கள். பிரஸ் கார்டும் உங்களுக்குத் தேவையில்லை. தமிழ்நாட்டில் அரசு அங்கீகார அட்டையைச் செய்தி மக்கள் தொடர்புத் துறைதான் வழங்குகிறது, அதுவும் பணியில் இருக்கும் செய்தியாளர்களுக்கு. ஒரு மாதப் பயிற்சிக்குக் கல்லூரி அடையாள அட்டையும், நீங்கள் இன்ன தேதி வரை தங்களிடம் பயிற்சியில் இருக்கிறீர்கள் என்று நிறுவனம் தரும் ஒரு கடிதமும் போதும்.

சந்தேகமாக இருக்கும் அச்சு இதழைச் சோதிக்க வழி உண்டு. இதழ்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம் முன்பு ஆர்.என்.ஐ. என்று இருந்தது, 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டத்தின்கீழ் பத்திரிகைத் தலைமைப் பதிவாளர் அலுவலகமாகியிருக்கிறது. அதன் இணையதளத்தில் இதழின் பெயரைத் தேடிப் பாருங்கள். யூடியூப் சேனல்களுக்கு இந்தப் பதிவு கிடையாது. அவற்றின் கடைசி ஒரு மாத வீடியோக்களை எடுத்து, சொந்தமாகக் களத்துக்குப் போய் எடுத்தவை எத்தனை, பிறர் காட்சிகளை வெட்டி ஒட்டியவை எத்தனை என்று எண்ணுங்கள். களத்துக்கே போகாதவர்களிடம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க எதுவும் இருக்காது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பத்திரிகையா டிவியா என்பதைவிட, நீங்கள் எழுதியதை வாங்கி, அடித்துத் திருத்தி, ஏன் அடித்தேன் என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். 30 நாளில் பத்துப் பிரதிகள் அப்படித் திருத்தப்பட்டுக் கையில் வந்தால் அது நல்ல பயிற்சி. ஒன்றுகூட வரவில்லை என்றால், எவ்வளவு பெரிய கட்டடத்தில் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் சீனியருக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும். அவர் சேனலில் யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம் யாருடைய கெட்ட மனமும் அல்ல. மே மாதத்தில் பல கல்லூரிகளிலிருந்தும் ஒரே சமயத்தில் மாணவர்கள் வந்து குவிகிறார்கள். செய்தி அறையில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. யாரிடம் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைக்கப்படாத மாணவர் நாற்காலியிலேயே இருந்துவிடுவார்.

அதனால்தான் சென்னையை விட்டுவிட்டு முதலில் உங்கள் ஊரைப் பாருங்கள் என்கிறேன். தினத்தந்தி, தினமலர், தினகரன், தினமணி என நாளிதழ்களுக்கு நெல்லையில் பதிப்புகள் இருக்கின்றன. மாவட்டப் பதிப்பில் ஆள் குறைவு, பக்கம் அதிகம். தாலுகா நிருபர்களும் பகுதிநேர நிருபர்களும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகள் டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தித் தயாரிக்கும் பிரிவில், வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஐந்து வரியில் வரும் விபத்துச் செய்தியை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒரு மாணவி அங்கே மூன்றாவது நாளே வேலைக்கு உதவுவார். தொலைவில் இருக்கும் ஊர்களுக்குப் போகும் பக்கங்களை முதலில் முடிப்பார்கள், நகரப் பக்கம் கடைசியில் முடியும். டெஸ்க் வேலை பிற்பகலில் தொடங்கி நள்ளிரவு வரை போகும். வீட்டில் தயக்கம் இருந்தால், பகலில் நிருபர்களோடும் மாலை ஏழு மணி வரை டெஸ்க்கிலும் இருக்கிறேன் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

ஆறு மெயிலுக்கும் பதில் வராததற்குக் காரணத்தை ஊகிக்க முடிகிறது. ‘ஊடகத்தின் மீது தீராத ஆர்வம் கொண்ட நான்’ என்று தொடங்கி, பயோடேட்டா இணைத்து, ஒரு பொது முகவரிக்கு அனுப்பியிருப்பீர்கள். பெரும்பாலான மாணவர் மெயில்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆர்வத்தைப் பற்றி எழுதாமல் வேலையைக் காட்டுங்கள். மூன்று மாதிரிகள் போதும்: 250 சொல்லில் ஒரு செய்தி, 600 சொல்லில் ஒரு கட்டுரை, 90 விநாடியில் ஒரு வீடியோ. கருத்தரங்கச் சான்றிதழ்கள் வேண்டாம்.

இந்த மாதிரிகளைத் தயாரிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. திங்கட்கிழமைகளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவோடு வரும் ஒருவரிடம் பேசுங்கள், மனுவின் நகலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் பிசகும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. மனுவில் இருப்பதை அப்படியே உண்மை என்று எழுதிவிடுவார்கள். மனு ஒரு தரப்பு மட்டுமே. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய் மறுதரப்பையும் கேட்டு, பதில் தரவில்லை என்றால் எத்தனை மணிக்கு யாரிடம் கேட்டோம் என்று குறித்துக்கொண்டு எழுத வேண்டும்.

கிராம சபை இன்னும் நல்ல பள்ளிக்கூடம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எத்தனை பேர் வந்தார்கள் என்று நீங்களே எண்ணுங்கள். குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு, ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்துக்கும் நீங்கள் எண்ணிய தலைக்கும் இடைவெளி இருந்தால் அங்கேயே ஒரு செய்தி இருக்கிறது. வரவு செலவுக் கணக்கை வாசித்தார்களா, போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பயிற்சி மே மாதம் என்பதால் மார்ச்சிலேயே அனுப்பிவிட்டால் பதில் கையில் இருக்கும்.

எழுதும்போது கவனியுங்கள். நம் கை தானாகப் போவது இப்படித்தான்: ‘உலகத் தண்ணீர் தினத்தை முன்னிட்டு ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம சபைக் கூட்டம் நடைபெற்றது. வார்டு உறுப்பினர்கள் முன்னிலை வகித்தனர். பல்வேறு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன.’ இதில் செய்தி எங்கே? அந்தப் ‘பல்வேறு’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகிடக்கிறது. அதை வெளியே எடுத்தால், ‘மூன்று மாதமாகத் தண்ணீர் வராத இரண்டு தெருக்களுக்கு லாரியில் குடிநீர் தர ஊராட்சி ஒப்புக்கொண்டது’ என்று தொடங்கலாம். தலைமை தாங்கியவர் நான்காவது வரியில் வரட்டும், வராவிட்டாலும் குற்றமில்லை. இன்னொன்று, ‘செய்யப்பட்டது’, ‘கண்டறியப்பட்டது’, ‘முடிவெடுக்கப்பட்டது’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் நின்று, யார் செய்தார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்றால் நீங்கள் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை.

மெயில் சுருக்கமாக இருக்கட்டும். பொருள் வரியில் தேதியும் ஊரும் வேண்டும்: ‘மே 2 முதல் 31 வரை பயிற்சி – விஸ்காம் இரண்டாம் ஆண்டு – திருநெல்வேலி’. உள்ளே இவ்வளவு போதும்:

‘வணக்கம். மே 2 முதல் 31 வரை தங்கள் நெல்லைப் பதிப்பில் பயிற்சி பெற விரும்புகிறேன். யூனிகோடில் தமிழ் தட்டச்சு தெரியும், மொபைலில் வீடியோ எடுத்துத் தொகுக்கத் தெரியும். நான் எழுதிய ஒரு செய்தியும் ஒரு கட்டுரையும் பி.டி.எஃப். ஆகவும், ஒரு வீடியோவின் இணைப்பும் இத்துடன் உள்ளன. எந்தப் பிரிவில், யாருடைய மேற்பார்வையில் பணி, வேலை நேரம் என்ன என்பதைத் தெரிவித்தால் கல்லூரியில் பரிந்துரைக் கடிதம் வாங்கி வருகிறேன்.’

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். யாருடைய மேற்பார்வை என்று நீங்கள் கேட்டால்தான் அவர்கள் யோசிப்பார்கள். கோப்புக்கு உங்கள் பெயர், ஊர், ‘செய்தி’ என்று பெயர் வையுங்கள். ‘நியூ டாகுமென்ட் 3’ என்று அனுப்பினால் இறக்கிவைத்த பிறகு தேடவே முடியாது. கூகுள் டிரைவ் இணைப்பு என்றால் யாரும் திறக்கும்படி அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று நண்பரின் போனில் சோதியுங்கள். அனுமதி கேட்டு நிற்கும் இணைப்பை எந்த ஆசிரியரும் இரண்டாம் முறை தொடமாட்டார். பிப்ரவரி முடிவதற்குள் அனுப்புங்கள். பத்து நாளில் பதில் இல்லை என்றால் அதே மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரி. அதற்கும் பதில் இல்லை என்றால் மாதிரிகளை அச்செடுத்துக்கொண்டு பிற்பகல் மூன்று மணி வாக்கில் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். மாலை ஆறுக்கு மேல் போகாதீர்கள், அது பக்கம் கட்டும் நேரம்.

மெயிலில் தட்டச்சு தெரியும் என்று சொல்லச் சொன்னேன். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கும் முறையில் இருந்தால் இப்போதே தமிழ்99-க்கு மாறுங்கள். உயிரெழுத்து இடது கைக்கும் மெய்யெழுத்து வலது கைக்கும் வரும் விசைப்பலகை அது. தினம் அரை மணி நேரம் பழகினால் ஒரு மாதத்தில் கை ஓடும். ஒலிபெயர்ப்பு முறையில் ன, ண, ந மூன்றுக்கும், ல, ள, ழ மூன்றுக்கும் மென்பொருள் காட்டும் சொல்லையே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. டெஸ்க்கில் முதலில் மானம் போவது அங்கேதான்.

உள்ளே போனபின் ஒரு நோட்டு வையுங்கள். நீங்கள் கொடுத்த பிரதியை இடதுபக்கம் ஒட்டுங்கள், மறுநாள் அச்சில் வந்ததை வெட்டி வலதுபக்கம் ஒட்டுங்கள். எந்த வரி மேலே போனது, எது காணாமல் போனது என்று சிவப்பில் குறியுங்கள். ஏன் என்று புரியாத இடத்தை மட்டும் டீ நேரத்தில் துணையாசிரியரிடம் கேளுங்கள். பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் பெயர் போடமாட்டார்கள், அதற்காக வருந்தாதீர்கள். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த நோட்டே உங்கள் அத்தாட்சி.

சட்டம் ஒன்றை மட்டும் முதல் நாளுக்கு முன்பே படித்துவிட்டுப் போங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவின்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமல்ல, முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் காட்டக்கூடிய எதுவும் வெளிவரக் கூடாது. பெயரை மாற்றிவிட்டு, தெருவையும் தந்தையின் தொழிலையும் எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சின்ன ஊரில் அந்த இரண்டே போதும், குழந்தை யார் என்று தெரிந்துவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்துக்கும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 72-வது பிரிவு இதே தடையை வைக்கிறது. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்காதீர்கள், தலைப்பில் பரபரப்பு வேண்டாம். பிரஸ் கவுன்சில் 2019-லேயே இதற்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. முடிவில் 104 உதவி எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

செய்தியாளர் சந்திப்புகளில் ‘கவர்’, அதாவது பணம் வைத்த உறை, கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் வாங்கினாலும் நீங்கள் வாங்காதீர்கள். ‘பயிற்சியில் இருக்கிறேன், வேண்டாம்’ என்று சொன்னால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். இதில் நான் எந்த விதிவிலக்கும் தரமாட்டேன்.

டிவிதான் வேண்டும் என்று மனது சொன்னால், செய்திகள் முதலில் வந்து சேரும் இன்புட் டெஸ்க்கில் ஒரு வாரம் கேளுங்கள். செய்தி எங்கிருந்து வருகிறது, எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். திரையின் அடியில் ஓடும் டிக்கர் வரியை எழுதக் கேளுங்கள், பத்துச் சொல்லில் செய்தி சொல்ல அதைவிட நல்ல பயிற்சி இல்லை. பைட்டை, அதாவது ஒருவர் கேமராவில் பேசிய பகுதியை, எழுத்தாக்கக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிமிடம், விநாடி குறித்துக் கொடுங்கள், எடிட்டர் உங்களைத் தேடுவார். சோஷியல் மீடியா பிரிவில் 30 நாளும் ரீல்ஸ் வெட்ட உட்கார வைத்தால், இரண்டாவது வாரமே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

நெல்லை வானொலி நிலையத்திலும் விசாரியுங்கள், எழுதியதைப் பேச்சாக மாற்றும் கலைக்கு அதுதான் இடம். வீட்டிலிருந்தபடி ஊரைப் பற்றி எழுத விரும்பினால், ‘பாரி’ என்று அழைக்கப்படும் ஊரக இந்திய மக்கள் ஆவணக்காப்பகத்துக்கு எழுதலாம். பி.சாய்நாத் 2014-ல் தொடங்கியது, மாணவர்களின் பணியையும் வெளியிடுகிறது. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பீடித் தொழிலாளர்களைப் பற்றியோ பத்தமடைப் பாய் நெசவைப் பற்றியோ ஒரு முன்மொழிவு எழுதிப் பாருங்கள்.

பி.ஆர். நிறுவனம் தாழ்ந்த இடம் அல்ல. காலையில் எல்லா நாளிதழ்களையும் மேய்ந்து வாடிக்கையாளர் பற்றி வந்ததைத் தொகுப்பது, பிரஸ் நோட் (செய்திக் குறிப்பு) எழுதுவது, நிருபர்களை அழைப்பது என்று ஒழுங்காக வேலை வாங்குவார்கள். ஆங்கிலப் பிரஸ் நோட்டை மனிதர் படிக்கும் தமிழாக்கத் தெரிந்தால் உங்களை விடமாட்டார்கள். ஆனால் செய்திப் பயிற்சியையும் இதையும் ஒரே மாதத்தில் சேர்க்காதீர்கள். ஒரு தரப்புக்காக எழுதிக்கொண்டே அதே தரப்பைப் பற்றிச் செய்தி எழுத முடியாது. இரண்டாம் ஆண்டில் செய்தி, மூன்றாம் ஆண்டில் பி.ஆர். என்று வைத்துக்கொள்ளலாம். பிரஸ் நோட்டில் எது விடுபடுகிறது என்று செய்தி அறையில் கற்றவர் அங்கே இன்னும் நன்றாக எழுதுவார்.

ஜனவரி 26-க்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பக்கத்து ஊராட்சியின் கிராம சபைக்குப் போய், 250 சொல்லில் எழுதி, அன்று இரவு பத்து மணிக்குள் எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். பத்தில் முதல் பிரதி அதுவாக இருக்கட்டும்.

அன்புடன்