பத்து வார ஸ்கானில் குடல் வெளியே: பயப்பட வேண்டுமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "பத்து வார ஸ்கானில் பிள்ளையின் குடல் தொப்புள்கொடிக்குள் கிடக்கிறதாம். சென்னையில் ஆபரேஷன் செய்யலாம், முற்பணம் கட்டுங்கள் என்கிறார் ஒருவர். கட்டலாமா?"

ஒரு சதமும் கட்டாதீர்கள். பத்து வாரத்தில் குடல் இருக்கவேண்டிய இடமே அதுதான்.

கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால், எட்டாம் வாரமளவில் குடல் கிடுகிடுவென்று நீள்கிறது. ஈரலும் பெருத்து வயிற்றை அடைத்துக்கொள்கிறது. பத்து வாரத்திலும் முழுப் பிள்ளையே 3 சென்ரிமீற்றர்தான், குடலுக்கு இடம் ஏது? கொடியின் அடிக்குள் போய் ஒதுங்குகிறது. வயிறு பெருத்ததும், பன்னிரண்டாம் வாரமளவில் திரும்பி வருகிறது. போய் வருவதற்குள் தன் இரத்தக்குழாயைச் சுற்றி 270 பாகை திரும்பிவிடும். அப்புறம் குடலைத் தாங்கும் சவ்வு முதுகுப்பக்கச் சுவரில் அகலமாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு குடல் முறுக்காமல் காப்பது அந்தப் பிடிதான்.

ஆகவே 13ஆம் வாரத்தில் மறு ஸ்கான் எடுங்கள், போதும்.

ஈரல் விஷயம் மட்டும் வேறு. குடல் போய் வரலாம், ஈரல் போகவே கூடாது. எட்டு வாரமானாலும் பத்து வாரமானாலும், கொடிக்குள் ஈரல் தெரிந்தால் அது வழமையல்ல, "பொறுத்துப் பார்ப்போம்" என்று விடவும் கூடாது. றிப்போட்டில் குடல் மட்டுமா, ஈரலும் எழுதியிருக்கிறதா என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

சனல் பண்ணி, இரண்டு மணித்தியாலம் காத்திருந்தால், ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையில் தந்து அனுப்பிவிடுகிறார்கள். "இந்த வாரத்தில் இது வழமை" என்று இன்னொரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? எழுதாததால்தான் வாசலில் நிற்கும் ஏஜன்டுக்கு வேலை கிடைக்கிறது. மறு ஸ்கானுக்கு முன்னமே காசு கேட்பார்கள். குடல் தானாக உள்ளே போனதும் "நாங்கள் கொடுத்த மருந்துதான்" என்பார்கள். இப்படி நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே குறை இருந்தாலும், இதற்கான ஆபரேஷன் பிள்ளை பிறந்த பிறகுதான். பொரளையிலேயே லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி.

மறு ஸ்கானுக்குப் போகும்போது பழைய றிப்போட்டையும் கடைசி மாதவிடாய்த் திகதியையும் கொண்டுபோங்கள். திகதி ஒரு கிழமை பிழைத்தாலே, உள்ளே திரும்பிக்கொண்டிருக்கும் குடலைக் குறையென்று எழுதிவிடுவார்கள்.