எத்திக்ஸ் கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்பது ரகசியமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. சர்க்கரை நோய்க்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போய்வந்தார். அங்கே புது மாத்திரையை ஆராய்ச்சிக்காக இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லி ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பஸ் செலவும் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் மயங்கி விழுந்து, ஒன்பது நாள் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். மாத்திரையால்தான் வந்ததா என்று கேட்டால், "எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்த ஆராய்ச்சி" என்கிறார்கள். கமிட்டியில் யார் யார் என்றால், "ரகசியம்". தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டேன். "நாங்கள் தனியார், எங்களுக்குப் பொருந்தாது" என்று பதில் வந்தது. இதற்கு மேல் வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி, தட்டிய கதவுதான் வேறு.

முதலில் அந்தக் கமிட்டி எதற்கு என்று பார்ப்போம். ஆராய்ச்சியில் சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் காக்க வேண்டிய நெறிமுறைக் குழு அது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், 2019-இன்படி குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்கள். தலைவரும் வெளியாள்தான். ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர், மருத்துவமோ விஞ்ஞானமோ படிக்காத ஒரு சாதாரணக் குடிமகன் கட்டாயம். அந்தச் சாதாரண மனிதரின் நாற்காலி உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்காகவே போடப்பட்டது. அதில் யார் உட்கார்ந்தார் என்று அப்பாவின் மகனுக்கே சொல்ல மாட்டோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, வழிக்கு வருவோம். தனியார் மருத்துவமனை ஆர்.டி.ஐ. சட்டத்தின்படி பொது அதிகார அமைப்பு இல்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதோடு மல்லுக்கட்டி மாதங்களை வீணாக்க வேண்டாம். அதே சட்டத்தின் பிரிவு 2(எஃப்)-ஐப் பாருங்கள். ஒரு அரசு அமைப்பு வேறு ஒரு சட்டத்தின் கீழ் தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலும் 'தகவல்'தான் என்கிறது. புது மருந்துச் சோதனைக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி, மத்திய மருந்துகள் தரக்கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். கமிட்டியின் ஆவணங்களைப் பார்வையிட அந்த அமைப்புக்கு அதிகாரம் உண்டு. ஆகவே மனு டெல்லியில் உள்ள அந்த அமைப்புக்குப் போக வேண்டும். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலேயே பத்து ரூபாய் கட்டிப் போடலாம்.

உங்கள் மருத்துவமனைக்குச் சொந்தக் கமிட்டி இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அதே ஊரிலோ 50 கி.மீ. சுற்றளவிலோ உள்ள வேறொரு கமிட்டி அனுமதி தரலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு அந்த வட்டத்துக்குள் திருவனந்தபுரமும் வந்துவிடும். மனு மத்திய அமைப்புக்குப் போவதால் மாநில எல்லை குறுக்கே வராது.

மனு எழுதும் முன் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டை இணையத்தில் தேடுங்கள். இலவசம், யாரும் பார்க்கலாம். மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி தேவைப்படும் சோதனைகளுக்கு 2009 ஜூன் 15 முதல் அதில் பதிவு கட்டாயம். சோதனையை நடத்தும் கம்பெனி, எந்தெந்த மருத்துவமனை, எந்தக் கமிட்டி அனுமதித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவு எண்ணை மனுவில் போட்டால், 'எந்த ஆராய்ச்சி என்று தெரியவில்லை' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

கேட்க வேண்டியவை: கமிட்டியின் பதிவுக் கடிதம், உறுப்பினர் பட்டியலும் தகுதிகளும், அனுமதி தந்த கூட்டத்தின் தேதி, வந்திருந்தவர்கள் யார், ஆராய்ச்சியோடு சொந்த நலன் உள்ள உறுப்பினர் எவராவது விலகிக்கொண்டாரா, அப்பா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது பற்றிய அறிக்கை. கடைசி இரண்டும் முக்கியம். சொந்த நலன் உள்ளவர் எழுதிக் கொடுத்து விலக வேண்டும், அது கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும் என்பது விதி.

மறுப்பும் வரலாம். மருந்தின் தயாரிப்பு விவரம் வணிக ரகசியம் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற நோயாளிகளின் பெயர் உங்களுக்கும் வேண்டாம். மீதியை, மறைக்க வேண்டியதை மறைத்துத் தரும்படி பிரிவு 10-ஐக் காட்டிக் கேளுங்கள். உறுப்பினர் பெயர் 'தனிப்பட்ட தகவல்' என்பார்கள். தனிப்பட்ட தகவலைத் தர வேண்டாம் என்ற விலக்கு 2025 நவம்பரில் இன்னும் இறுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. வெளிப்படையாகப் பேச உறுப்பினர்கள் தயங்குவார்கள் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. யார் என்ன பேசினார் என்பதை மறைக்கட்டும். யார் இருந்தார், என்ன முடிவானது என்பதை மறைக்கக் காரணமே இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம்.

இதே சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடந்திருந்தால் நேராக அங்கேயே கேட்கலாம். தன் குழுக்களின் கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை அரசு அமைப்பு தானாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4 சொல்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சோதனையின் போது நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அது தீவிர பாதிப்பு. டாக்டர் 24 மணி நேரத்துக்குள் கமிட்டிக்கும் டெல்லிக்கும் தெரிவித்திருக்க வேண்டும். மருந்தால் வந்த பாதிப்பு என்று முடிவானால் நஷ்ட ஈடு உண்டு. முழுவதும் குணமாகிவிட்ட பாதிப்புக்கு, படுத்த ஒவ்வொரு நாளுக்கும் டெல்லியின் குறைந்தபட்சக் கூலியில் இருமடங்கு என்பது கணக்கு. அப்பாவுக்கு 18 நாள் கூலி. பெரிய தொகை இல்லை, ஆனாலும் அது அவர் பணம்.

நீங்கள் அனுப்பிய படிவத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் என்ற மூன்று இடமும் காலி. நஷ்ட ஈட்டுக்குத் தேவைப்படும் விவரங்கள் அவை. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்கிறீர்கள். அவருக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாள் தந்திருக்க வேண்டும். அதன் ஒரு பிரதியும், பூர்த்தி செய்த படிவத்தின் பிரதியும் அவர் கையில் இருக்க வேண்டும். கமிட்டியில் யாரைத் தொடர்புகொள்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்தக் குறைகளை எழுதி, கமிட்டியின் தலைவருக்கு இன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறம் சிகிச்சை ஆவணங்களையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நடத்தை விதி.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். எல்லாம் தோற்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு.

அப்பா எப்போது வேண்டுமானாலும் ஆராய்ச்சியிலிருந்து விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மிச்சமுள்ள மாத்திரையை லேபிளோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நீட்டும் எந்தப் புதுத் தாளிலும், நீங்கள் தமிழில் படித்துக் காட்டும் வரை அப்பா கையெழுத்துப் போட வேண்டாம்.