கம்ப்யூட்டர் கணக்குப் போட்டால் புண் ஆறிவிடுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 63 வயது, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இனிப்புநீர்க்காரர், உள்ளங்காலில் நாலு மாதமாகப் புண். கம்ப்யூட்டரில் புண்ணை ஆராய்ந்து அதற்கேற்ற ஸ்டெம் செல் (வேறு உயிரணுவாக மாறக்கூடிய மூல உயிரணு) ஊசி போட்டால் மூன்றே வாரத்தில் சதை வளரும் என்று ஒரு ஏஜெண்ட் 18,000 வெள்ளி கேட்கிறாராம். அப்பாவின் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பொய்யில்லை. 1990-லேயே ஷெராட், மர்ரே என்ற இருவர் தோல் புண் எப்படி மூடுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதினார்கள். ஆனால் மழை எப்போது வரும் என்று கணிப்பவர் மழையைப் பெய்ய வைப்பதில்லையே. ஆய்வகத்தில் வளர்த்த தோலும் உண்மைதான், அமெரிக்காவில் 2000-இலேயே இனிப்புநீர்க் கால்புண்ணுக்கு ஒன்றை அனுமதித்தார்கள். அதையும் சுத்தம் செய்த, இரத்தம் ஓடுகிற, மிதிபடாத புண்ணில்தான் வைப்பார்கள்.

உங்கள் அப்பாவுக்கு அந்த 'மிதிபடாத' என்பதில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாது, கடைக்கு நடப்பார், கோயிலுக்கு நடப்பார், இரவில் வளர்ந்த சதை பகலில் நசுங்கும். காலின் பாரத்தை இறக்கும் மாவுக்கட்டோ விசேஷ காலணியோ வேண்டும். முறையான சிகிச்சையில் நாலு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்காவிட்டால் வழியை மாற்ற வேண்டும், நாலு மாதம் அதே டிரஸ்ஸிங்கை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அதை மாற்றியவர்களில் ஒருவராவது இரத்தம் ஓடுகிறதா என்று பாதத்தில் நாடி பார்த்தார்களா? கேட்டால் கூட்டம் அதிகம் என்பார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கால்விரல் காய்ந்து கறுத்திருந்தால் தொடாதீர்கள். சுரண்டுவது, வெந்நீரில் ஊறவைப்பது, பச்சிலை கட்டுவது எதுவும் வேண்டாம். இரத்தக்குழாய் அடைத்திருந்தால் கிளறிய இடம் ஆறாது, ஈரம் பட்டால் அழுகலும் ஏறும். முதலில் இரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும், அப்புறம்தான் கத்தி. நல்ல எண்ணத்தில் சுரண்டிவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏஜெண்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இது ஆய்வு என்றால் சுகாதார அமைச்சின் ஆய்வுப் பதிவு எண் என்ன? எண்ணுக்குப் பதில் முன்-பின் போட்டோ காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கமிஷனுக்கு ஊர் ஊராக அலைகிறவர்கள் இவர்கள்.

திங்கட்கிழமை ஒரு வெள்ளி கட்டி அரசு கிளினிக்கில் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள். காய்ச்சலோ கெட்ட வாடையோ, சிவப்பு மேலே ஏறுவதோ தெரிந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே எமர்ஜென்சி. அப்பாவின் செருப்பையும் எடுத்துப் போங்கள், எந்த இடத்தில் அழுத்துகிறது என்று அதன் தேய்மானமே காட்டிவிடும்.