வாசகர் கேள்வி: கடலோரத்து ஆளில்லா ரயில் நிலையம்

கேள்வி: அடுத்த ஆண்டு குடும்பத்துடன் ஜப்பான் செல்லவிருக்கிறோம். பெருநகர நெரிசலை விட்டு, ஏதேனும் ஒரு கிராமத்து ரயில் நிலையத்தில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கே செல்லலாம்?

பதில்: ஷிக்கோக்கு தீவில், எஹிமே மாநிலத்தில் உள்ள ஷிமொனடா நிலையத்துக்குச் செல்லுங்கள். 1935-இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தில் இருப்பவை ஒற்றை நடைமேடையும், அதன் மீது ஒரு சிறு கூரையும், கூரைக்கடியில் கடலைப் பார்த்தபடி கிடக்கும் இருக்கையுமே. முன்பு நடைமேடைக்கு நேர் கீழேயே அலைகள் வந்து மோதிக்கொண்டிருந்தன. பிறகு இடத்தை நிரப்பிச் சாலை போட்டுவிட்டார்கள். ஆனாலும் உட்கார்ந்த நிலையில் பார்த்தால், நடைமேடையின் விளிம்புக்கு அப்பால் செட்டோ உள்நாட்டுக் கடல்தான் விரிகிறது.

1986-இல் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் உச்சிகோ ஊர் வழியாக மலைகளைக் குடைந்து குறுக்குப் பாதை அமைத்தபோது விரைவு ரயில்கள் அனைத்தும் அப்பக்கம் திரும்பிவிட, வளைந்து வளைந்து செல்லும் பழைய கடற்கரைத் தடம் சாதாரண ரயில்களுக்கென ஒதுங்கிப்போனது. அந்த ஒதுக்கத்தில் பிறந்ததுதான் இன்றைய அமைதி. ஆகவே எஹிமேயின் தலைநகரான மட்சுயாமாவில் ஏறும்போது, கடற்கரை வழியாக இயோ நகஹாமா செல்லும் ரயில்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உச்சிகோ வழி ரயிலில் ஏறினால் ஷிமொனடா வரவே வராது. சரியான ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சலுகைப் பயணச்சீட்டு விளம்பரச் சுவரொட்டிகளால் இந்நிலையம் நாடெங்கும் புகழ்பெற்றுவிட்டதால், மாலையில் சூரியன் கடலில் இறங்கும் வேளையில் புகைப்படக்காரர்கள் கூடிவிடுகிறார்கள். தனிமை வேண்டுவோர் காலையில் செல்வதே நல்லது. ரயில்கள் குறைவு என்பதால், இறங்குவதற்கு முன்பே திரும்பும் ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆளில்லாத நிலையத்தில் பயணச்சீட்டை யாரிடம் வாங்குவது, யாரிடம் கொடுப்பது?

பதில்: பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவரே இயக்கும் ரயில்கள் அவை. மட்சுயாமாவில் வாங்கிய சீட்டை ஷிமொனடாவில் இறங்குகையில் முன்கதவருகே அவரிடம் சேர்த்துவிடலாம். திரும்பும்போது, ஏறும் கதவருகே உள்ள சிறு இயந்திரம் நீட்டும் எண்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பதற்கு அதுவே சான்று. மட்சுயாமா வாயிலில் அதைக் காட்டிக் கட்டணத்தைச் செலுத்தலாம். வழியில் வேறொரு ஆளில்லா நிலையத்தில் இறங்குவதானால், ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் சரியான தொகையை இட வேண்டியிருக்கும் என்பதால், நாணயங்களும் ஆயிரம் யென் தாள்களும் கைவசம் இருக்கட்டும்.