வேப்பிலைக் கம்மலுக்கு மெருகு வேண்டுமா?

கேள்வி: உலோகக் கலை படிக்கிறேன். எங்கள் வீட்டு வேப்பிலையை வெள்ளித் தகட்டில் பதித்துக் கம்மல் செய்தேன். "பளபளப்பே இல்லையே, மெருகு போடு" என்கிறார் அம்மா. போடலாமா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: முழுக்கப் போட்டுவிடாதே மகளே! இலையைத் தகட்டோடு சேர்த்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தும் மிஷினில் விட்டபோது நரம்பெல்லாம் பள்ளமாக இறங்கியிருக்கும். அழுத்தித் தேய்த்தால் முதலில் மழுங்குவது அந்த விளிம்புகள்தான். உங்கள் வீட்டு மரத்து இலை என்பதுதானே இந்தக் கம்மலின் உயிர்? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கந்தகக் கரைசலில் முக்கிக் கறுக்க விடு. கழுவிக் காய்ந்ததும் மேற்பரப்பை மட்டும் மெல்லத் தேய். கறுப்பு பள்ளத்திலேயே தங்கி, நரம்பு ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும். அம்மாவுக்கும் பிடிக்கும், பாரேன்.

கொக்கிக்குச் சுத்த வெள்ளி வேண்டாம், வளைந்துவிடும். 7.5 சதவீதம் செம்பு கலந்த 92.5 வெள்ளிக் கம்பி போடு. முனையை அரத்தால் உருட்டிவிடு, காதைக் கீறாது.